முதலில் மீட்டரை ஐஸில் வையுங்கள்
குளிர்சாதனம், வெந்நீர், ஏசி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன. வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் காட்டும் அளவை நம்பலாமா என்பதுதான் அது. முப்பத்து நான்கு வருஷமாக மதுரையில் ஏசி, குளிர்சாதன மெக்கானிக் வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது கேஸ் ஏற்றுவது இல்லை, மீட்டரின் ப்ரோப்பை, அதாவது சூட்டை உணரும் கம்பியை, ஐஸில் வைத்துப் பார்ப்பது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஐயா, வாழைப்பழத்துக்கென்று குளிரறை வைத்திருக்கிறேன். கண்ட்ரோலரில் 13.5 டிகிரி காட்டுகிறது. ஒரு மெக்கானிக்கின் மீட்டரில் 12, இன்னொருவர் மீட்டரில் 15. பழத்தின் தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. பழுக்க வைத்தாலும் நல்ல மஞ்சள் வரவில்லை. யாரை நம்புவது?
— ஒரு விவசாயி, சின்னமனூர்

இப்போதைக்கு மூன்றையுமே நம்ப வேண்டாம். பழத்தை நம்புங்கள். தோல் சாம்பல் பூப்பதும், உள் தோலில் பழுப்புக் கோடு விழுவதும் குளிர் அதிகமானதற்கு அடையாளம். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனாலே ஆபத்துதான். உங்கள் அறை, கண்ட்ரோலர் சொல்வதைவிடக் குளிராக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பை வைத்து வேலை செய்யக்கூடாது, சோதித்துப் பார்த்துவிடலாம்.

குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரை உறையவைத்து ஐஸ் செய்யுங்கள். மீன் மார்க்கெட் பார் ஐஸ் வேண்டாம். தண்ணீரில் உப்பு இருந்தால் உருகும் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஐஸைச் சுத்தமான துணியில் சுற்றி, கல்கண்டு அளவுக்கு உடையும்வரை தட்டுங்கள். அகல வாய் பிளாஸ்க்கில் அதை விளிம்புவரை நிரப்பி, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். பலர் தவறு செய்வது இங்கேதான். டம்ளர் நிறைய தண்ணீர் ஊற்றி மேலே நாலு ஐஸ் கட்டியை மிதக்கவிடுகிறார்கள். தண்ணீருக்கு எடை அதிகம் 4 டிகிரியில்தான். அதனால் 4 டிகிரித் தண்ணீர் அடியில் போய்த் தங்கும், ப்ரோப்பின் நுனியும் அங்கேதான் இருக்கும். ஐஸ் அடிவரை இருக்க வேண்டும்.

பத்து நிமிஷம் விட்டு நன்றாகக் கலக்குங்கள். ப்ரோப்பை நடுவில் வையுங்கள், சுவரில் படக்கூடாது. ப்ரோப்பின் தடிமனைப் போல் பத்துப் பதினைந்து மடங்கு ஆழம் உள்ளே இருக்கட்டும். இல்லாவிட்டால் வெளிச் சூடு கம்பி வழியாகவே நுனிக்கு இறங்கிவிடும். எண் அசையாமல் நின்ற பிறகு எழுதிக்கொள்ளுங்கள். நின்ற எண் 0 என்றால் சரி. 1.5 என்றால் அந்த ப்ரோப் ஒன்றரை டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம்.

மெக்கானிக்குகளின் மீட்டர் இரண்டும் கே டைப் கம்பியாக, அதாவது இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் நுனியை இணைத்துச் சூட்டை அளக்கும் வகையாக இருக்கும். சாதாரண ரகக் கம்பிக்கே 2.2 டிகிரிவரை வித்தியாசம் அனுமதி உண்டு. ஒன்று அந்தப் பக்கமும் இன்னொன்று இந்தப் பக்கமும் சாய்ந்திருந்தால் 12-ம் 15-ம் வருவதில் அதிசயமில்லை, இருவரும் பொய் சொல்லவில்லை. இன்னொரு விஷயம், கே டைப் மீட்டர் தன் உடம்புச் சூட்டையும் கணக்கில் சேர்த்துத்தான் எண்ணைக் காட்டும். வெயிலில் நின்ற பைக் பெட்டியிலிருந்து எடுத்து நேரே குளிரறைக்குள் கொண்டுபோனால் முதல் கால் மணி நேரம் அது சொல்வதைக் கேட்கக்கூடாது.

இப்போது உங்கள் கண்ட்ரோலர் சென்சாருக்கு வருவோம். அது பெரும்பாலும் என்.டி.சி. வகையாக, அதாவது சூட்டுக்குத் தக்கபடி மின்தடை (ஓம்) மாறும் வகையாக இருக்கும், 25 டிகிரியில் 10 கிலோ ஓம். குளிர்ந்தால் ஓம் ஏறும், 13 டிகிரியில் 16, 17 கிலோ ஓம் பக்கம் இருக்கும். வருஷக்கணக்கில் ஈரமான அறையில் தொங்கும் சென்சாரின் தலைக்குள் ஈரம் புகுந்தால், மின்சாரம் அந்த ஈரத்தின் வழியாகவும் கசிந்து ஓம் குறையும். ஓம் குறைந்தால் கண்ட்ரோலர் ‘அறை சூடாக இருக்கிறது’ என்று நினைத்துக் கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே இருக்கும். திரையில் 13.5, அறையில் 11. உங்கள் பழத்துக்கு நடந்தது இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, வயர் ஜாயின்ட்டில் பச்சைக் களிம்பு பிடித்தால் ஓம் கூடும், அறை சூடாகும். வெறும் 500 ஓம் கூடினாலே முக்கால் டிகிரி தப்பிவிடும். ஆகவே ஜாயின்ட்டைப் பிரித்துப் பார்த்து, ஈயம் வைத்து, ஈரம் புகாதபடி மூடுங்கள்.

சென்சாரைக் கழற்றாமல் பிளாஸ்க்கை அறைக்குள் எடுத்துப்போய் அதில் முக்கி, கண்ட்ரோலரில் வரும் எண்ணைப் பாருங்கள். அப்போதுதான் வயர், ஜாயின்ட், கண்ட்ரோலர் எல்லாம் சேர்த்துச் சோதித்ததாக ஆகும். அப்புறம் ஒரு தெர்மோகோல் பெட்டியில் தண்ணீரும் ஐஸும் கலந்து, ஐஸ் முழுதும் கரைந்தபின் 13 டிகிரி பக்கம் கொண்டுவந்து, ஐஸில் தேறிய மீட்டரையும் சென்சாரையும் ரப்பர் வளையத்தால் ஒன்றாகக் கட்டி முக்குங்கள். நீங்கள் பயன்படுத்துவது 13-ல்தானே? பூஜ்ஜியத்தில் சரியாக இருந்து 13-ல் விலகும் சென்சார் உண்டு. வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் என்றால் கண்ட்ரோலரின் ஆஃப்செட்டில், அதாவது காட்டும் எண்ணைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில், சரி செய்யுங்கள். அதற்கு மேல் என்றால் ஆஃப்செட் போட்டுச் சமாளிக்க வேண்டாம், சென்சாரை மாற்றிவிடுங்கள். ஈரம் புகுந்த சென்சார் அடுத்த மாதம் இன்னும் விலகும்.

அண்ணா, ஒரு ஆர்-22 ஸ்ப்ளிட் ஏசியில் சக்‌ஷன் கேஜ் 68 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. கிளாம்ப் ப்ரோப்பில் சக்‌ஷன் பைப் 6.5 டிகிரி. சூப்பர்ஹீட் 2 டிகிரிதான் வருகிறது. கேஸ் அதிகம் என்று கொஞ்சம் வெளியேற்றிவிடலாமா?
— ஒரு மெக்கானிக், அம்பத்தூர்

தம்பி, வால்வில் கை வைக்காதே. முதலில் உன் கேஜையும் கிளாம்பையும் சோதி.

கணக்கு நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய். கேஜ் காட்டும் அழுத்தத்தில் கேஸ் கொதிக்கும் வெப்பநிலையைவிட, கம்ப்ரசருக்குத் திரும்பும் பைப் எத்தனை டிகிரி கூடுதலோ அதுதான் சூப்பர்ஹீட். ஆர்-22 கேஸுக்கு அழுத்தம் 68.5 பி.எஸ்.ஐ. என்றால் கொதிநிலை 4.4 டிகிரி. 6.5-லிருந்து கழித்தால் 2. ஆனால் கழிக்கிற இரண்டு எண்ணும் இரண்டு தனிக் கருவியிலிருந்து வருகின்றன. இரண்டின் தப்பும் ஒன்று சேரும். ஹோஸைக் கழற்றி, வெறும் காற்றில் ஊசி எங்கே நிற்கிறது என்று பார். அது 4-ல் நின்றால், நீ 68 என்று படித்தது உண்மையில் 64. 64-க்கு 2.8 டிகிரி. அப்போது சூப்பர்ஹீட் 2 இல்லை, கிட்டத்தட்ட 4. அதற்கு மேல் கிளாம்ப் ஒன்றரை டிகிரி குறைத்துக் காட்டினால் அது ஐந்துக்கும் மேல். நல்ல மிஷினிலிருந்து கேஸை எடுத்துவிட்டு வந்திருப்பாய்.

இதற்கு நேர் எதிரான தவறை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த நாலாவது வருஷம், தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன் குளிரறை. என் ப்ரோப் சூப்பர்ஹீட்டை 9 டிகிரி என்று சொன்னது. காயிலுக்குள் போகும் திரவத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வைத் திறந்து 5-க்குக் கொண்டுவந்தேன். மனசுக்குத் திருப்தியாக வீடு வந்தேன். மூன்று வாரத்தில் கம்ப்ரசரின் வால்வுத் தட்டு உடைந்தது. ப்ரோப்பை ஐஸில் வைத்துப் பார்த்தபோது 4 டிகிரி காட்டியது. உண்மையான சூப்பர்ஹீட் 1 டிகிரி. கொதிக்காத திரவமே கம்ப்ரசருக்குள் போய்க்கொண்டிருந்தது. அறையின் உரிமையாளர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் காசில்தான் சரி செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ப்ரோப்புக்கும் எண் போட்டு, மாதம் ஒருமுறை ஐஸில் வைத்து நோட்டில் எழுதி வருகிறேன்.

கேஜின் பூஜ்ஜியத்தைச் சரி செய்தபின் மேல் அளவையும் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. திரவம் உள்ள ஒரு கேஸ் சிலிண்டரை வெயில் படாத அறையில் ராத்திரி முழுக்க விட்டுவிடு. காலையில் சிலிண்டரின் கீழ்ப் பக்கத்தில் ப்ரோப்பை ஒட்டி மேலே ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டு. 30 டிகிரி என்றால் ஆர்-22 சிலிண்டரில் 158 பி.எஸ்.ஐ. பக்கம் இருக்க வேண்டும், ஆர்-134ஏ என்றால் 97 பக்கம். சிலிண்டரில் காற்று கலந்திருக்கக்கூடாது, பாதி பயன்படுத்திய கலவைக் கேஸும் கூடாது. இந்த ஒரே சோதனையில் கேஜும் ப்ரோப்பும் சேர்ந்து தேறிவிடும்.

கிளாம்ப் ப்ரோப்பை அப்படியே ஐஸில் முக்காதே, ஸ்பிரிங்கில் தண்ணீர் ஏறிவிடும். மெல்லிய பாலிதீன் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து எடுத்து, ஐஸுக்குள் அழுத்தி வை. நேரம் கொஞ்சம் கூட ஆகும், பொறுமையாக இரு. பைப்பில் மாட்டும்போது அந்த இடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கு, மேலே இன்சுலேஷன் சுற்று. ஏசிக்குள் போகும் காற்றுக்கும் வரும் காற்றுக்கும் வித்தியாசம் பார்க்க மட்டும் என்றால் இவ்வளவு தேவையில்லை. இரண்டு ப்ரோப்பையும் ஒரே தண்ணீரில் போட்டு, இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு டிகிரி தப்பினாலும் கழிக்கும்போது அது போய்விடும்.

ஆர்-410ஏ, ஆர்-32 போட்ட இன்வெர்ட்டர் ஏசி என்றால் எடை மிஷினில் நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். அங்கே சூப்பர்ஹீட்டைப் பார்த்துக் கேஸைக் கூட்டிக் குறைக்கும் வேலையே வேண்டாம்.

கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி ஊட்டியில் ஒரு விடுதியின் பராமரிப்பைப் பார்க்கிறேன். இங்கே கொதிக்கும் தண்ணீரில் எந்த ப்ரோப்பை வைத்தாலும் 92, 93-க்கு மேல் ஏறவில்லை. எல்லா மீட்டரும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா சார்?
— ஒரு வாசகர், உதகமண்டலம்

உங்கள் மீட்டர்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன! ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் கொதிப்பதே 92.5 டிகிரி பக்கம்தான். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில்கூட அது 98.5 சுற்றித்தான், 100 இல்லை. சுவீடன் விஞ்ஞானி செல்சியஸ் 1742-ல் தன் அளவுகோலை எழுதியபோதே, கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறும், ஐஸ் உருகும் நிலை மாறாது என்று கண்டு சொன்னார். ஆகவே மலையிலும் ஐஸ் சோதனையை அப்படியே செய்யலாம். கொதிநீர் சோதனைக்கு மட்டும் அந்த ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், உங்கள் வேலைக்கு அது இதைவிட முக்கியம். ஊட்டியில் காற்றழுத்தம் 11.2 பி.எஸ்.ஐ. பக்கம், கடல் மட்டத்தில் 14.7. கேஜ் ஊசி வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அழுத்தத்தைக் காட்டும். நம் கையில் இருக்கும் அழுத்த அட்டவணை கடல் மட்டத்துக்குப் போட்டது. அதனால் அங்கே கேஜில் வரும் எண்ணிலிருந்து மூன்றரையைக் கழித்துவிட்டுத்தான் அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஏசியில் 68-க்கு இது ஒரு டிகிரிச் சில்லறை. ஆர்-134ஏ ஃபிரிட்ஜில் கதை வேறு. உள்ளே குளிரூட்டும் சுருள் மைனஸ் 20-ல் இருக்கும்போது சென்னையில் கேஜ் நாலரை காட்டும், ஊட்டியில் 8 காட்டும். அந்த 8-ஐ அட்டவணையில் நேரே பார்த்தால் மைனஸ் 16 என்று வரும். நாலு டிகிரி தப்பு. கீழேயிருந்து வரும் மெக்கானிக்குகள் ‘கேஸ் அதிகம்’ என்று எடுத்துவிடுவது இதனால்தான். கேஜ் பெட்டியின் மூடியில் ‘மூன்றரை கழி’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறேன். துப்பாக்கி மாதிரி லேசர் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஃபிரீசரின் உள் எவர்சில்வர் தட்டில் அடித்தால் 5 டிகிரி என்கிறது, ஐஸ்கிரீமோ கல்லாக இருக்கிறது.
— ஒரு வாசகி, கும்பகோணம்

அம்மா, அந்தக் கருவி பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை மட்டும் படிக்கிறது. பளபளப்பான எவர்சில்வரும் செம்பும் தங்கள் கதிரை ரொம்பக் குறைவாகவே வெளியிடும். எதிரில் இருப்பதன் கதிரைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும். நீங்கள் படித்ததில் உங்கள் கையின் சூடும் கடையின் சூடும் கலந்திருக்கிறது. தட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து, கிட்டத்தில் பிடித்து அந்த டேப்பின் மேல் அடியுங்கள். துப்பாக்கியையே சோதிக்க வேண்டுமென்றால், நன்றாகக் கலக்கிய ஐஸ்–தண்ணீர்க் கூழின் மேல் அடித்துப் பாருங்கள், 0 பக்கம் வர வேண்டும். லென்ஸில் பனி பிடித்தால் துடைத்துவிட்டு, காயும்வரை காத்திருங்கள். லேசர்ப் புள்ளி குறி பார்க்க மட்டும்தான், அது எதையும் அளப்பதில்லை.

நூற்பாலையில் ஈரப்பதக் கருவிகள் எல்லாமே வேறு வேறு எண் காட்டுகின்றன. வீட்டு அளவில் சோதிக்க வழி உண்டா?
— ஒரு சூப்பர்வைசர், பல்லடம்

உண்டு, கல்லுப்பே போதும். இறுக மூடும் டப்பாவில் ஒரு சின்ன மூடி நிறைய உப்பு வைத்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்து போய்விடக்கூடாது, உப்புத்தூள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கருவியை உப்பில் படாமல் உள்ளே வைத்து மூடி, ஒருநாள் விடுங்கள். 20 முதல் 30 டிகிரி அறைச் சூட்டில் அந்த டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதமாகவே நிற்கும். உங்கள் கருவி 70 காட்டினால் 5 குறைக்கிறது என்று அதன் முதுகிலேயே எழுதிவையுங்கள். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் வகை என்றால் துணியை மாற்றினாலே பாதிக் கோளாறு தீரும். போர்த் தண்ணீர் ஊற்றி ஊற்றித் துணியில் உப்புப் படிந்து போயிருக்கும்.

மருத்துவமனை மருந்தகத்தில் தடுப்பூசிப் பெட்டிக்கு வருஷா வருஷம் கேலிபரேஷன் சர்டிஃபிகேட் வாங்குகிறோம். ஃபைலில் வைத்தால் போதுமா?
— ஒரு மருந்தாளுநர், நாகர்கோவில்

போதாது, படித்துப் பாருங்கள். ஒருமுறை என்னிடம் காட்டப்பட்ட சர்டிஃபிகேட்டில் முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. சோதித்த இடங்கள் மட்டும் 50, 100, 150 டிகிரி. அந்தத் தெர்மாமீட்டர் வேலை செய்வதோ 2-க்கும் 8-க்கும் நடுவில். அனுப்பும்போதே ‘2, 5, 8 டிகிரியில் சோதித்துத் தாருங்கள்’ என்று எழுதிக் கேளுங்கள். லேப்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபாக இருக்க வேண்டும். அதோடு, அந்த அங்கீகாரம் வெப்பநிலைக்கும் உங்கள் அளவு எல்லைக்கும் உண்டா என்று பாருங்கள்.

சர்டிஃபிகேட்டில் மூன்று விஷயம் தேடுங்கள். ஒன்று, கருவி வந்தபோது காட்டிய எண்ணும், சரி செய்தபின் காட்டிய எண்ணும் தனித்தனியாக இருக்கிறதா? முதல் எண் இல்லாவிட்டால், போன வருஷம் முழுக்க உங்கள் தடுப்பூசி எந்த நிலையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, பிழை எவ்வளவு. மூன்றாவது, ‘கூட்டல் கழித்தல்’ என்று போட்டிருக்கும் ஐயப்பாட்டு அளவு, அதாவது லேபின் அளவே எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது. பிழை 0.4, ஐயப்பாடு 0.5 என்றால், திரையில் 2.5 காட்டும்போது உள்ளே 2-க்குக் கீழேகூட இருக்கலாம். உறைந்தால் கெட்டுப்போகும் தடுப்பூசி இருக்கிறது. அதனால் கீழ் எச்சரிக்கையை 3-ல் வையுங்கள்.

ப்ரோப்பின் நுனி கிளைகால் என்ற எளிதில் உறையாத திரவம் ஊற்றிய சின்னப் பாட்டிலுக்குள் இருக்கட்டும். கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் குதிக்காது, மருந்தின் உண்மையான சூடு தெரியும். வருஷத்தில் ஒருநாள் லேபுக்குப் போனாலும் மற்ற மாதங்களில் ஐஸ் பிளாஸ்க் சோதனையைக் கைவிடாதீர்கள். கருவி கீழே விழுந்தால் அன்றைக்கே.

தாத்தா காலத்துப் பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்று பட்டறையில் கிடக்கிறது. தூக்கிப் போடலாமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

போடாதீர்கள். குப்பையில் உடைந்தால் பாதரசம் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிடும். முதலில் பாதரசக் கோடு இடையில் அறுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். அறுந்திருந்தால் குமிழை மட்டும் ஐஸில் உப்புச் சேர்த்த கலவையில் மெல்ல முக்குங்கள். பாதரசம் குமிழுக்குள் இறங்கும்போது சேர்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு. சேர்ந்துவிட்டால் சுத்தமான ஐஸ் கூழில் பூஜ்ஜியத்தைப் பாருங்கள். சரியாக நின்றால் அதற்கு பேட்டரியும் வேண்டாம், ஆஃப்செட்டும் வேண்டாம். மற்ற மீட்டர்களைச் சோதிக்கும் மாஸ்டராக அதை வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் மூழ்கும் ஆழத்துக்கு ஒரு கோடு இருந்தால் அதுவரை மட்டும் முக்குங்கள். சாப்பாட்டுப் பொருள் பக்கம் கொண்டுபோகக் கூடாது. துணி சுற்றி, பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் போட்டு, குமிழ் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள்.